உள்ளே வந்த பொருள்

9ஆம் தேதி, மாலை

அன்பு மகனுக்கு,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். மாடி அறையின் விளக்குகளை நான் கோபத்தில் அணைத்தேன் என்றும், அதனால்தான் உன் மனைவி வளர்த்த கீரை முழுவதும் அழிந்தது என்றும் உன் பெரியம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அது உண்மையல்ல. அக்கா வந்த அன்று அறையைக் கழுவுவதற்காக விளக்குகளை அணைத்திருந்தோம். அவள் இருட்டைப் பார்த்தாள், உன் மனைவியின் வீங்கிய கண்களைப் பார்த்தாள், மீதியை வீடு திரும்பும் வழியில் தானே தைத்துக்கொண்டாள். சிறு வயதிலிருந்தே அவளுக்குத் தையல் வேலை நன்றாக வரும்.

உன் மனைவி உன்னிடம் மின்தடை என்றாளாம். அதுவும் உண்மையல்ல. நடந்ததை நான் எழுதுகிறேன்.

மாடி அறை நீ வெளியூர் போன பிறகு போட்டது; அதை நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய். எட்டு இரும்பு ராக்குகள், ஒவ்வொன்றிலும் ஐந்து அடுக்கு. மண் கிடையாது. குழாய்களில் சத்து நீர் ஓடுகிறது. வெயிலுக்குப் பதில் ரோஸ் நிற விளக்கு. எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்து, "என்னம்மா, மாடியில சினிமா கொட்டகையா? எப்ப படம் மாத்துவீங்க?" என்று கேட்கிறார்.

என் பொறுப்பு நோட்டுப் புத்தகம். காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஆறு என்று மூன்று வேளையும் வெப்பம், ஈரப்பதம், தண்ணீரின் அமில அளவு எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'உள்ளே வந்த பொருள்'. விதைத் தட்டானாலும் துடைப்பமானாலும் அதில் எழுதிய பிறகே உள்ளே நுழையலாம். கான்வென்டில் சிஸ்டர்கள் பழக்கிய கையெழுத்து. எட்டு மாதத்தில் ஓர் அடித்தல் கிடையாது. குழாய் பார்க்கச் செருப்போடு வந்த டெக்னீஷியனை நான் வாசலோடு திருப்பி அனுப்பிய நாளிலிருந்து உன் மனைவி என்னை 'இன்ஸ்பெக்டர் அத்தை' என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்கு அது பிடிக்கும். அவளிடம் சொன்னதில்லை.

சென்ற மாதம் அவள் மருத்துவமனைச் சமையலறைக்கு மாதிரிக் கீரை காட்டப் போய் இரண்டு நாள் வெளியூரில் இருந்தாள். இங்கே அனல். பால்கனித் தொட்டியில் உன் அப்பா வைத்த ரோஜா தலை தொங்கிவிட்டது. மாடி அறையிலோ எப்போதும் இருபத்திரண்டு டிகிரி. தொட்டியின் வெளிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவினேன். வலைத் தொப்பி போட்டேன், மருந்துத் தண்ணீரில் கால் நனைத்தேன். ஒரே ஒரு நாள் என்று கடைசி ராக்குக்கு அடியில் வைத்தேன்; அவள் வருவதற்குள் பால்கனிக்கே எடுத்துவிட்டேன். இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. நோட்டில் எழுதவும் இல்லை. எழுதினால் அவள் கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சி இருந்திருக்கிறது. வெளியே அதை மழை அடிக்கும், பொறிவண்டு தின்னும். அந்த அறையில் அதற்கு விரோதி என்று ஒருவரும் இல்லை. பத்தே நாளில் எல்லா அடுக்குகளிலும் லெட்யூஸ் கீரை பிசுபிசுத்துச் சுருண்டுவிட்டது. மருந்தடிக்காத கீரை தருகிறோம் என்றுதான் பேச்சு. நோயாளிகள் பச்சையாகச் சாப்பிடுவது. எல்லாவற்றையும் பிடுங்கி மூட்டை கட்டினோம்.

அறையைக் கழுவும்போது கடைசி ராக்குக்கு அடியில் தொட்டியின் வட்டக் கறையை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டாள். பிறகு சமையலறை மேலாளரிடம் போனில், "என் கவனக்குறைவுதான் சார், வேற யாரும் காரணமில்ல, இன்னொரு தடவை பாருங்க" என்றாள். நான் பக்கத்து அறையில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். எழுபத்தொரு வயதில் அப்படி நின்றேன்.

மருத்துவமனைக்காரர்கள் இந்த மாதம் முப்பதாம் தேதி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். புது நாற்றுகளுக்கு இன்று பன்னிரண்டு நாள். நீயோ டெக்னீஷியனிடம் இருபதாம் தேதி ராக்குகளைக் கழற்றச் சொல்லிவிட்டாய். என்னை அக்கா வீட்டில் விடவும் ஏற்பாடு செய்திருக்கிறாய். "ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல வச்சது என் தப்பு" என்று அவளிடம் சொன்னாயாம். டெக்னீஷியனிடம் பேசிப் பார்த்தேன். "அம்மா, வீடு சார் பேர்ல இருக்கு. அவர் எழுத்துல சொல்லாம நான் நிறுத்த முடியாது. இந்தத் தடவை செருப்பைக் கழட்டிட்டே வர்றேன், போதுமா?" என்கிறான்.

ரோஜாவை நேற்று வேரோடு எடுத்துவிட்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இன்று காலை நோட்டை எடுத்து, சென்ற மாதத்தில் அந்தத் தேதிக்கு நேரே எழுதினேன்: 'உள்ளே வந்த பொருள்: ரோஜாத் தொட்டி ஒன்று. கொண்டுவந்தவர்: அத்தை. மறைத்தவரும் அவரே.' கையெழுத்திட்டு, மேஜைமேல் திறந்து வைத்துவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தேன். மதியம் ஒரு மணி அளவுக்கு நேரம் ஆயிற்று. நான் மேலே போகவில்லை. இனி அந்த நோட்டைத் தொட எனக்கு என்ன உரிமை?

சுமார் இரண்டு மணிக்கு அவள் படியிறங்கி வரும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக எண்ணினேன். வாசலில் நின்று நோட்டை நீட்டினாள். "இன்ஸ்பெக்டர் அத்தை, ஒரு மணிக்கு ஈரப்பதம் எழுதலையே. உங்களுக்கு லீவு யாரு குடுத்தா?" என்றாள். மேலே போய் எழுதினேன். அறுபத்தெட்டு. எட்டு சற்றுக் கோணலாக விழுந்துவிட்டது.

இந்த வீட்டிலிருந்து ஒருவர் போகத்தான் வேண்டும் என்றால் நான் போகிறேன். அக்கா வீட்டில் என் பெட்டியை வைக்க இடமிருக்கும். ஆனால் ராக்குகளைத் தொடாதே. அவளைக் கேட்காமல் அவள் வேலையைப் பற்றி முடிவெடுக்காதே. ஆறு மணி அளவை நான் எழுதாவிட்டால் அவளுக்கு இரண்டு கை போதாது, அதையும் நினைத்துப் பார்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்; நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். போனில் எதுவும் சொல்லாதே. டெக்னீஷியனுக்கு ஒரு தாள், எனக்கு ஒரு தாள். இருபதாம் தேதிக்கு முன்னால் எழுத்தில் பதில் அனுப்பு.

அம்மா