பக்கத்தில் வருகிறவர்

என்னங்க,

நேரில் பேச முகமில்லை. இதை உங்கள் ஹெல்மெட்டுக்குள் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன்.

நான் சேரப்போகும் பந்தயத்துக்கு ரோடு பைக் வாங்குவதா, டிரையத்லான் பைக் வாங்குவதா என்று இன்னும் முடிவாகவில்லை. இரண்டாவதுதான் வேகம், முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டவேண்டும். அன்று கடைக்காரர் சொன்னாரே, "அப்படிக் குனிஞ்சா பிரேக் கைக்கு எட்டாது மேடம். பக்கத்துல ஆள் வந்தா ஆபத்து, அதுக்கு ரோடு பைக்தான் சரி. கூட யாராச்சும் ஓட்டுவாங்களா?"

"யாருமில்ல, தனியாத்தான்" என்றேன். பந்தயத்தில் தனியாகத்தானே ஓட்டவேண்டும், அந்த நினைப்பில் வாயில் வந்துவிட்டது.

என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். ஞாயிறுதோறும் பழைய சைக்கிளில் மூச்சு வாங்க என்கூட வருகிற நீங்கள், ஏதோ ஒரு பெல்லின் விலைச்சீட்டை ரொம்ப நேரம் படித்தீர்கள்.

இந்த ஞாயிறு, "முட்டி வலிக்குது, நீ போயிட்டு வா" என்றீர்கள். என் டயருக்கு மட்டும் காற்றடித்து வைத்திருந்தீர்கள். சாயங்காலம் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினீர்கள். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

இன்று உங்கள் சைக்கிளுக்கு நான் காற்றடித்திருக்கிறேன்.

கடைக்காரர் போன் செய்து, "எந்த வண்டி மேடம்?" என்றார். உங்கள் முட்டியைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

தனியாகப் போய்ப் பாதி வழியில் திரும்பியவள்