துலி அல்ல, தூலி

என் அத்தானுக்கு,

நீங்கள் நடத்தும் பாடகர் குழு முழுவதும் பார்க்க, "ஏளா, என்ன இழு இழுக்க? போய் உக்காரு" என்று என்னைப் பெண்களின் தாழ்குரலான ஆல்ட்டோ வரிசையிலிருந்து எழுப்பியது நீங்கள் செய்த தவறு. அதனால்தான் ஆறு நாளாக ராதாபுரத்தில் தங்கை வீட்டில் இருக்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கென்று பின்லாந்துக்காரர் ஒருவரின் பாட்டை, அவர் மொழியிலேயே பாட, எங்களுக்குத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தவர் நீங்கள். "துலி" என்று குறிலில் எழுதினீர்கள். அச்சுத் தாளில் இரண்டு 'யு' இருந்ததால் நான் நெடிலில் பாடினேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கண் இருக்கிறது.

நேற்று, பின்லாந்தில் நர்ஸாக இருக்கும் தங்கை மகள் ஸ்வீட்லினிடம் கேட்டேன். "பெரியம்மா, தூலின்னா காத்து. துலின்னா தீ" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில், "தீயே, எங்கள் வீட்டுக்கு வா" என்று முப்பது பேர் உருகிப் பாடப்போகிறீர்கள்! தங்கைக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. "தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாச்சான்னு அத்தான்ட்ட கேளுக்கா" என்கிறாள்.

எல்லாத் தாளையும் நீங்களே உங்கள் கையால் திருத்த வேண்டும். ஆர்கன் வாசிக்கும் கிங்ஸ்டன் என் நாற்காலியைப் பழைய இடத்தில் போட வேண்டும். அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும் பிரஷர் மாத்திரையை நீங்கள் மறக்காமல் சாப்பிட வேண்டும். சனிக்கிழமை நீங்களே வந்து, தங்கை காதில் விழும்படி என்னைக் கூப்பிட வேண்டும். பையைக் கட்டுவது என் வேலை, கட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆல்ட்டோ