தவிட்டுக்கு விற்ற பிள்ளை

புதுக்கோட்டை,
18-8-1957.

பிரியமுள்ள அத்தானுக்கு,

செவந்தி வணக்கம் சொல்லி எழுதுவது. நான் சுகம். பட்டாளத்துச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா, காலில் இருந்த புண் ஆறியதா என்று தெரியாமல் மனசு அடித்துக்கொள்கிறது.

உங்கள் கடிதம் வந்தது. குளத்தூரில் நம் சொந்தக்காரர்கள் என் நர்ஸ் வேலையைத் தீட்டு வேலை என்று பேசுகிறார்களாம், இந்த மாதத்தோடு விட்டுவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பிச்சைமுத்துவைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். இன்று காலை அவனை விற்றுவிட்டேன் அத்தான்!

பயப்படாதீர்கள். வல்லத்திராக்கோட்டை மருதாயிக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ஆனியில் பிறந்தவன், குறைமாசம். எடை மூன்று ராத்தல்கூட இல்லை. அழத் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகினான். பஞ்சில் சுற்றி, இரண்டு பக்கமும் வெந்நீர்ப் புட்டி வைத்து, தாய்ப்பாலை, கண்ணுக்கு மருந்து விடும் பில்லரில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டினோம். புட்டி ஆறினால் பிள்ளையும் ஆறிவிடும். ராவும் பகலும் உட்கார நேரம் ஏது?

இதற்கு நடுவில் மருதாயியின் நாத்தனார் மூக்காயி வந்து நின்றாள். கையில் முறம்! முன்னே பிறந்த இரண்டும் தங்கவில்லையாம். இவனைக் குப்பைமேட்டில் போட்டு, வேற்றாள் ஒருத்தி எடுத்து, அவளிடம் தவிடு கொடுத்து வாங்கினால்தான் எமன் கண்ணில் படமாட்டானாம். நம் பக்கத்து வழக்கம்தானே. பிள்ளையின் தகப்பன் நாகராசுவும் தலையை ஆட்டினான். டாக்டரம்மா கத்திப் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. "நீங்க படிச்சவுக, ஒங்க பிள்ளைக தங்கும். எங்களுக்கு இதான் வழி" என்று சொல்லி மூக்காயி பிள்ளையைத் தூக்கக் குனிந்தேவிட்டாள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ! குப்பைமேடு எதற்கு, பிள்ளையை நானே எடுத்துக்கொண்டேன், என்னிடம் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் விற்கிற நாளை நான்தான் சொல்வேன் என்றேன். மூக்காயி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வேத்து ஆளுதானே, சரித்தான்" என்று முறத்தைக் கீழே வைத்தாள். பிச்சையாக எடுத்த பிள்ளை என்று அங்கேயே பிச்சைமுத்து என்று பெயரும் வைத்தாயிற்று.

அன்றிலிருந்து நாகராசு முதல் பஸ்ஸில் தவிட்டு முடிச்சோடு வந்துவிடுவான். "இன்னிக்கி விப்பீகளா நர்சம்மா?" என்பான். நான் மாட்டேன் என்பேன். வாட்ச்மேன் குழந்தைசாமியின் பசு அந்தத் தவிட்டைத் தின்றே கொழுத்தது. என் பிள்ளை மட்டும் சளைத்தவனா? முட்டி முட்டிப் பால் குடித்தான், கன்னத்தில் சதை வைத்தது. நேற்றுத் தராசில் போட்டால் நாலரை ராத்தல்! வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டரம்மா சொன்னதும் நான் சந்தோஷத்தில் வார்டுக்குள்ளேயே குதித்து ஓடினேன். வெட்கமாவது மண்ணாவது!

இன்று விற்பனையைப் பார்க்க வார்டே கூடிவிட்டது. தவிட்டை நீட்டிய நாகராசு சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் விற்றால் செல்லுமா, அவர் ஒப்புவாரா என்று கேட்டான். அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். "எங்க வீட்டுக்காரவுக என் வேலைக்குக் குறுக்க நிக்கிறவுக இல்ல" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையை மருதாயி மடியில் வைத்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மத்தியானமே அவன் இடத்துக்கு ஒரு பெண்குழந்தை வந்துவிட்டது. இவளும் குறைமாசம்தான், ஆனால் என்ன குரல்! இவளுக்குப் பில்லர் பிடிக்கத்தான் இப்போது எழுந்து போகவேண்டும்.

உங்களைக் கேட்காமலே உங்கள் பெயரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். கோபமிருந்தால் லீவில் வந்து ஆசை தீரத் திட்டுங்கள். அத்தனை பேர் முன்னால் உங்களைப் பற்றி நான் பெருமையாகச் சொன்னதை மட்டும் பொய்யாக்கிவிடாதீர்கள். நார்த்தாமலை மாரியம்மன் உங்களை ஒரு குறையுமில்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்மதத்துக்குக் காத்திருக்கும்
செவந்தி.