தேவையில்லாத வெயிட்

செந்துறை

மகன் அறிவழகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உன் கார் நலம். டயரில் காற்று நலம், ஆயில் நலம். நானும் உயிரோடு இருக்கிறேன். மஸ்கட்டில் நீ சுகமாகத்தான் இருப்பாய், இருந்துவிட்டுப் போ. போனில் சொன்னால் பாதியிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால் அங்கே வருகிற மகேஷ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், முழுசாகப் படி.

பொங்கலுக்கு வந்தவன் கார் வாங்கிக் கொடுத்தாய், சந்தோஷம். அதோடு போயிருக்கக் கூடாதா? உன் அப்பாவை உட்கார வைத்து, ஆக்சிலேட்டரை மெதுவாக மிதியுங்கள், அறுபதைத் தாண்டாதீர்கள், ரயில்வே கேட்டில் இன்ஜினை அணையுங்கள், டயரில் காற்றுப் பாருங்கள் என்று பாடம் நடத்தினாய். அதில் எதையும் நான் குறை சொல்லவில்லை. கடைசியாக, "டிக்கில கெடக்குற தேவையில்லாத வெயிட்டெல்லாம் எறக்கிடுங்கப்பா, மைலேஜ் ஏறும்" என்று சொல்லி, உன் போனில் மைலேஜ் தெரிகிற கருவி ஒன்றையும் காரில் மாட்டிவிட்டுப் போனாயே, அங்கேதான் என் வயிறு எரிகிறது. இத்தனை வருஷமாக நான் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்காத மனுஷன் உன் பேச்சை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். முதலில் என் முட்டி வலிக்கு வைத்திருந்த மடக்கு நாற்காலியை இறக்கினார், அப்புறம் தண்ணீர் கேனை. ஏசி பக்கம் கை போகக் கூடாது. சிமென்ட் லாரிப் புழுதியில் ஜன்னலைத் திறந்துகொண்டு அரியலூர் போய் வந்தோம். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

போன மாதம் வாலிகண்டபுரத்தில் உன் ராஜவேல் மாமா மகள் தமிழ்மொழிக்கு வளைகாப்பு. அத்தைக்காரி நான்தான் முதல் வளையல் போட வேண்டும் என்று தம்பி நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஐந்து வகைச் சோறு கிளறி, சீர்த்தட்டு, பழக்கூடை எல்லாவற்றையும் காரில் ஏற்றிவிட்டு நான் ஏறப் போனால் உன் அப்பா, "சாமானே நெறைய இருக்கு, நீயும் ஏறுனா மைலேஜ் உழுந்துடும். பொம்பளைங்களுக்குத்தான் பஸ்ஸு ஃப்ரீயாச்சே, பின்னாடியே வந்துடு" என்கிறார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன், அதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. பட்டுப்புடவையோடு பஸ்ஸில் நின்றுகொண்டே பெரம்பலூர் போய், அங்கே வேறு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தால், நல்ல நேரம் முடிந்து அந்தப் பெண் கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருக்கிறாள். முதல் வளையலை யாரோ பக்கத்து வீட்டம்மா போட்டாளாம். "சோத்த மட்டும் அனுப்பிட்டு நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சோம் அண்ணி" என்றாள் தம்பி பெண்டாட்டி. தம்பி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பச்சைத் தண்ணீர் குடிக்காமல் பஸ்ஸிலேயே திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் உன் அப்பா பெருமையாகப் போனை நீட்டுகிறார். "சூப்பர்ப்பா, இருபத்திரண்டு! இதுவரைக்கும் இதான் பெஸ்ட்" என்று நீ அனுப்பியிருக்கிறாய். அடேய், அது உன்னைப் பெற்றவளைத் தெருவில் நிற்க வைத்து எடுத்த இருபத்திரண்டு. அன்றைக்கு நான் அழுதேன், உனக்கும் தெரியட்டும்.

இப்போது கார் சாவி என் இடுப்பில் இருக்கிறது. எல்எல்ஆர் எடுத்துவிட்டேன், உன் தங்கை சுவாதி பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறாள். தமிழ்மொழிக்குக் குழந்தை பிறந்ததும் ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு நானே ஓட்டிப் போய் என் தம்பி வாசலில் இறங்குவேன். உன் அப்பா வேண்டுமானால் பஸ்ஸில் வரட்டும், அவருக்கு டிக்கெட் உண்டு.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. இனிமேல் உன் போனில் மைலேஜ் குறைந்து தெரிந்தால், அப்பாவுக்குப் போன் போட்டு ஏன் என்று கேட்காதே. அன்றைக்கு உன் அம்மா காருக்குள் இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயலட்சுமி