துலா மிதித்த வாத்தியார்

மச்சான்,

இன்று காலை பக்கத்துக் காணியில் புகையிலை பதப்படுத்தும் குடிலுக்குப் புகை போட்டார்கள். தேங்காய்ப் பொச்சும் பனங்கொட்டை ஊமலும் எரிகிற மணம் வேலி தாண்டி வந்தது. திருத்திக்கொண்டிருந்த பள்ளிக்கூடக் கொப்பிகளை வைத்துவிட்டு வெளியே போய், அதை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு நின்றேன். உன் தங்கை கையில் அகப்பையோடு குசினி வாசலிலிருந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். உன் உடம்பில் எப்போதும் இருந்த மணம் அது என்பது அவளுக்கும் தெரியும்.

நேற்றுத்தான் உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. நாலே நாள் காய்ச்சலில் போய்விட்ட உனக்காக, அளந்து கொடுக்கிற இந்தக் கூப்பன் அரிசிக் காலத்திலும் ஊர் திரண்டு வந்து சாப்பிட்டுப் போனது. பார்த்திருந்தால் பெரிதாகப் பீற்றியிருப்பாய்.

இந்த மணம் எனக்குத் தெரியாமற்போன ஒரு வருடம் இருந்ததே, நினைவிருக்கிறதா? மூக்கில் பழுதில்லை. மணம் வரும், என்னிடம் வந்து சேராது. சோறும் அப்படி, சிரிப்பும் அப்படி. ஒரு காரணமும் கிடையாது. சாவில்லை, வழக்கில்லை, உன் தங்கைக்குச் சீதனமாக வந்த வீட்டில் குறையில்லாமல் வாழ்ந்தவன் நான். பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நாள் முழுக்கக் கதிரையில் சாய்ந்து இருந்தேன். ஊர் முதலில் பஞ்சி, சோம்பல் என்றது, பிறகு படித்த கெறுக்கு, திமிர் என்றது, கடைசியில் செய்வினை என்று என் கையில் நூல் கட்டியது. அதற்கும் கையை நீட்டிக்கொண்டு இருந்தேன்.

முற்றத்தில் மகள் தடுக்கி விழுந்து வாய் வெடித்த அன்று நான் ஆறடி தள்ளித்தான் இருந்தேன். அவளுக்கு அப்போது மூன்று வயதுகூட இல்லை. அது என் பிள்ளை, அது இரத்தம், அவள் என்னைப் பார்த்துத்தான் கையை நீட்டுகிறாள், எல்லாம் விளங்கியது. எழும்ப வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. உன் தங்கை ஓடிவந்து பிள்ளையை அள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் என்ன கல்லே?" என்றாள்.

அன்று பின்னேரமே மாமா, உன் அப்பு, தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் பண்டத்தரிப்பில் என் தாய் வீட்டில் போய்க் கொஞ்சக் காலம் இருக்க வேண்டும், சுகம் வந்த பிறகு பார்க்கலாம். பெண்ணின் வீட்டில் வந்து வாழுகிற ஆணை அப்படி அனுப்பினால் திரும்பி வரும் வழி அடைபட்டுவிடும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் "ஓம்" என்றேன். மனைவியையும் பிள்ளையையும் விட்டுப் போகச் சொல்கிறார்கள், கடைக்குப் போய்வரச் சொன்னதுபோல நான் ஓம் என்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

நீ வேலியில் இருந்த இடைவெளிப் பொட்டுக்குள்ளால் மண்காலோடு நுழைந்து வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினாய்.

"வாத்தி, உனக்கு என்ன செய்யுது?"

ஏன் இப்படி இருக்கிறாய் என்றுதான் ஒரு வருடமாக எல்லோரும் கேட்டார்கள். என்ன செய்கிறது என்று கேட்டவன் நீ ஒருவன்தான்.

"மச்சான், பிள்ளையைப் பாக்கிறன். ஒண்டும் வருகுதில்லை."

சொல்லிவிட்டு, நீ அடிப்பாய் என்று காத்திருந்தேன். உன் தங்கையின் பிள்ளை அல்லவா? நீ கீழ்ச் சொண்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, காலில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டினாய்.

"வாற நேரம் வரட்டும். அதுவரைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரி. கை சும்மாதானே கிடக்குது."

பிறகு எழுந்து போய் மாமாவிடம் சொன்னாய்: "அப்பு, கிணத்துத் துலா மிதிக்க எனக்கு ஆளில்லை. புகையிலை வெட்டி முடியுமட்டும் இவன் இஞ்சை நிக்கட்டும்." பச்சைப் பொய். உனக்கா ஆளுக்குப் பஞ்சம்? ஆனால் பயிரைச் சொன்னால் மாமாவால் மறுக்க முடியாது.

கரும்பலகையில் வெண்கட்டி பிடித்தவன் துலாவில் ஏறினேன். மேலே ஒருவன் துலா மரத்தில் முன்னும் பின்னும் நடக்க, கிணற்றுக்கட்டில் நிற்பவன் பனையோலைப் பட்டையைத் தாழ்த்தித் தண்ணீர் அள்ளி ஊற்ற வேண்டும். மேலே கால் பிசகினால் பட்டை கீழே நிற்பவனையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் நீ நின்றாய்.

"அண்ணை, இவரை நம்பியே நிக்கிறியள்?" என்று உன் தங்கை பதறினாள்.

"எனக்கு நீந்தத் தெரியும். வாத்திக்குத்தான் தெரியாது," என்றாய்.

காலையில் மிதித்தேன். மற்ற நேரமெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். பாசத்தோடு தூக்கினேன் என்று பொய் சொல்லமாட்டேன், மூட்டை தூக்குவதுபோலத்தான். பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு நித்திரையானாள்.

புகையிலை இடுப்பளவுக்கு வந்திருந்த ஒரு காலை, மிதித்துக்கொண்டிருந்தவன் துலாவின் நடுவில் நின்றுவிட்டேன். அடுத்த அடியை வைக்க ஒரு நியாயமும் தெரியவில்லை. நிறைந்த பட்டை பாதிக் கிணற்றில் தொங்கியது. நீ கத்தவில்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து என்னையே பார்த்தாய். அந்த நேரம் பார்த்து மகள் வாய்க்காலுக்குள் சளக் சளக்கென்று நடந்து, பாசி பிடித்த கிணற்றுக்கட்டுக்கு வந்தாள்.

"பிள்ளை! வழுக்கும்! நில்லு!"

என் குரல்தான். அன்பு வரும் வரும் என்று பார்த்திருந்தேன், முதலில் வந்தது பயம். அந்தப் பயம் எவ்வளவு இனித்தது என்று உன்னைத் தவிர யாருக்குச் சொல்வேன்?

பிள்ளை அப்படியே நின்றாள். நீ மூச்சு வாங்கினாய். "கத்தினது போதும், மிதி. கை கழலுது," என்றாய். இறைப்பு முடிந்தபின் முகம் கழுவ உனக்கு வெகுநேரம் எடுத்தது. நான் பார்க்காததுபோல இருந்தேன்.

அன்றோடு எல்லாம் சுகமாகிவிடவில்லை. பிறகும் இரண்டு மாரிகாலத்துக்கு அந்த வெறுமை வந்து தங்கிவிட்டுப் போனது. புகையிலை வெட்டியதும் மாமா பேச்சை எடுத்தார். மிளகாய் நட வேண்டும் என்றாய். மிளகாய்க்குப் பிறகு வெங்காயம். மாமா கேட்பதையே விட்டுவிட்டார். நான் பண்டத்தரிப்புக்குப் போகவேயில்லை.

உன்னை முற்றத்தில் கிடத்தியிருந்தபோது பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள், ஆண்கள் வேலியோரம் வெற்றிலை போட்டபடி நின்றார்கள். நான் உன் கால்மாட்டில் விழுந்து கத்தினேன். கண்ணாடி எங்கேயோ போயிற்று. நான் படிப்பித்த பிள்ளைகள் வாய் திறந்து பார்த்தார்கள். உறவுக்காரர் ஒருவர் என் தோளைப் பிடித்து, "வாத்தியார், சனம் பாக்குது, அடக்குங்கோ," என்றார்.

உன் தங்கை தலைவிரி கோலமாக எழுந்து வந்து அவருடைய கையைத் தட்டிவிட்டாள்.

"அழட்டும், விடுங்கோ. உதுக்குத்தானே அண்ணை பாடுபட்டவர்."

நோவு போகப் போகக் குறையும் என்று வருகிறவர்களெல்லாம் ஆறுதல் சொல்கிறார்கள். குறைய வேண்டாம், மச்சான்.