நான் பார்த்தால் நூற்று அறுபது

2008 மார்ச் 3
கொழும்பில் வேலை செய்யும் மகள் அனிற்றா பிரசர் மெஷின் அனுப்பியிருக்கிறாள். கையில் பட்டியைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் போதும். றப்பர் பால் வெட்டிவிட்டு மலையேறி வந்த மனைவி ரோசலினை அப்படியே நிற்கவைத்துப் பார்த்தேன். 174. கொப்பியில் எழுதினேன். இனி அவள் பிரசர் வருத்தம் என் கைக்குள்.

மார்ச் 9
166. 170. 168. இவள் ஒளித்துக் கருவாடு தின்கிறாள், வேறென்ன? "சத்தியமா இல்லீங்க" என்றாள். தவக்காலத்திலுமா பொய் என்று கத்தினேன். லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டிருக்கும். முப்பது வருடக் கங்காணி. காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் நாற்பது பேரை அதட்டிய குரல், வீட்டுக்குள் அடங்கவில்லை.

மார்ச் 17
கிளினிக். என் கொப்பியைப் பார்த்து டொக்டர் தினம் ஒரு மாத்திரை என்பதை இரண்டாகக் கூட்டினார். ஒழுங்காக எழுதியிருப்பதாகச் சிங்களத்தில் மெச்சினார். பெருமையாக இருந்தது.

மார்ச் 23, உயிர்த்த ஞாயிறு
எழுந்தால் தலை சுற்றுகிறதாம், பூசைக்கு வரவில்லை. சாக்கு என்றேன்.

மார்ச் 26
அடுப்படியில் விழுந்துவிட்டாள். நெற்றியில் மூன்று தையல். சாக்கு என்று சொன்னேனே — சொன்ன வாய் இதுதானே?

மார்ச் 29
அனிற்றா லீவு போட்டு வந்தாள். மெஷினோடு வந்த தாளை வாசித்துக் காட்டினாள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட்டு, கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். பேசக் கூடாது. நான் ஒன்றையும் செய்யவில்லை.

அனிற்றா பார்த்தாள்: 112. மெஷின் பழுது என்றேன். அதேபோல் உட்காரவைத்து நான் பார்த்தேன்: 160. மறுபடி அவள்: 116.

"மெஷின் நல்லாத்தான் இருக்குப்பா. நீங்க பட்டியத் தொட்டதும் அம்மா மூச்சப் பிடிச்சுக்கிறாங்க. பாக்கலயா?"

பார்க்கவில்லை. எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்படியெல்லாம் இல்லீங்க" என்று ரோசலின் அவசரமாகச் சொன்னாள். அந்த அவசரத்திலும் பயம்.

மார்ச் 30
என்னைக் கண்டா அவளுக்கு ரத்தம் ஏறுது. கட்டின நாளிலிருந்து, இருபத்தெட்டு வருசமா. சீ, நான் என்ன மனுசன்?

ஏப்ரல் 4
டொக்டரிடம் நானே சொன்னேன். "நான் பார்த்தால்தான் கூடுகிறது. அவளுக்கு என்மேல் பயம்." அடுத்த நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். முகம் எரிந்தது. என்னை வெளியே அனுப்பிவிட்டு அவரே பார்த்தார். தலை சுற்றி விழுந்தது கூட்டிய மாத்திரையால் என்றார். மாத்திரை மறுபடி ஒன்றானது.

ஜூன் 15
இப்போதெல்லாம் ரோசலின் தானே பார்த்துக்கொள்கிறாள். அந்த நேரம் நான் வெளியே போய்விடுவேன். எவ்வளவு என்று கேட்பதில்லை. கத்துவதும் குறைந்திருக்கிறது, நின்றுவிட்டது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

இன்று அவளாகவே கூப்பிட்டாள். "நீங்க ஒருக்கா பாருங்களேன்."

ஐந்து நிமிடம் உட்காரவைத்துவிட்டுப் பட்டியைச் சுற்றினேன். 146.

"கொஞ்சம் கொறைஞ்சிருக்குங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

கொப்பியில் 146 என்று எழுதி, டொக்டருக்குத் தெரியட்டும் என்று பக்கத்தில் என் பெயரைப் போட்டேன். இருதயராஜ்.