அரை நொடி மூக்கொலி

பதிவு 611. நாள் 1, 09:00
செவ்வாய் வழித்தட விண்நிலையம், ஒலிக்காப்பகம். பொறுப்பு: இசக்கியம்மாள், ஒலியியலாளர். ஆள் நான் ஒருத்திதான். காற்று, மின்சாரம், சேமிப்பகம் எல்லாம் சரி.

செவ்வாய்க் குடியிருப்பிலிருந்து ஒரு செய்தி. அனுப்பியவர் வெல்டர் செல்லத்துரை.

"மேடம், எம் பொண்டாட்டி ங்மேலா பிரசவத்துல போயிட்டா. பொம்பளப் புள்ள. அவ அக்கா பேரத்தான் வைக்கணும்னு சொல்லிட்டுப் போனா. அவுக வழக்கப்படி அஞ்சு நாளைக்குள்ள தாய்வழிக் குரலு காதுல பேரச் சொல்லணும். இங்க அவ சனம் யாருமில்ல. எனக்கு அந்தப் பேரு வாயில வர மாட்டேங்கு. அவ குரலு உங்ககிட்ட இருக்கா?"

இருக்கிறது. செவ்வாய் போகும் வழியில் ங்மேலா இங்கே தங்கி, தன் மொழியைப் பதிவு செய்து கொடுத்தாள். அக்கா பெயர் ங்மாரு. முதல் ஒலி அபூர்வம்: பின்னாக்கும் உதடும் ஒரே கணத்தில் அடைக்க, காற்று மூக்கால் போகும். ங, ம இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி.

பதிவு 612. நாள் 2, 11:20
எங்கள் தொழிலில் ஒரு சொல்லை மூன்று முறை சொல்லச் சொல்வோம். முதலில் தயக்கம் இருக்கும், கடைசியில் குரல் இறங்கும். நடுவில் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிப்போம். மூன்றாவது முறை ங்மேலா தன் அக்காவை நினைத்துச் சிரித்தாள். சிரிப்பு கலந்துவிட்டதென்று அழித்தேன். புத்தி கெட்டவள் நான். மிச்சம் அரை நொடி. அதை அனுப்பிவிட்டேன்.

பதிவு 613. நாள் 3, 06:45
விண்கல் துகள் பட்டு ஒரு சூரியத்தகடு போய்விட்டது. பூமியிலிருந்து தலைமை அதிகாரி வரதராஜன்:

"சேமிப்பகத்தை அணைச்சிடுங்க இசக்கி. கரண்ட்டை மூச்சுக்கு வெச்சுக்குங்க. மீட்புக் கப்பல் நாலு நாள்ல வந்துடும். சுத்தம் பண்ணின பிரதி இங்க இருக்கு. ஒண்ணும் போயிடாது."

ஒன்றும் போகாதாம்! மின்சாரம் நின்றால் இந்தச் சேமிப்பகம் எதையும் வைத்திருக்காது; அணைத்தால் நானூறு மொழிகளின் அசல் குரல்கள் அழியும். இவர்கள் சுத்தம் செய்வது என்றால், அபூர்வ ஒலியைப் பிழை என்று தள்ளிவிட்டுப் பக்கத்து ஒலியை ஒட்டுவது. அணைக்கவில்லை. ஹீட்டரை அணைத்தேன்.

பதிவு 614. நாள் 4, 15:10
செல்லத்துரை:

"வந்துட்டு மேடம். கேளுங்க, போடுதேன். நாளைக்குப் புள்ள காதுல போட்டுருவேன். நீங்க நல்லா இருக்கணும்."

கேட்டேன். "மாரு." வெறும் ம. வழியிலுள்ள செயற்கைக்கோள் சுத்தம் செய்து அனுப்பியிருக்கிறது. அந்த மனிதர் நன்றி வேறு சொல்கிறார்.

ஐந்துக்கும் குறைவான மொழிகளில் மட்டும் வரும் ஒலியை மாற்றலாம் என்று விதி போட்ட குழுவில் நானும் இருந்தேன். சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று கையெழுத்துப் போட்டேன். வரதராஜனை மட்டும் திட்டி என்ன பயன்?

பதிவு 615. நாள் 5, 07:00
அவசர வானொலி செயற்கைக்கோள் வழியாகப் போகாது, நேராகப் போகும். ஆனால் காற்றுச் சுத்திகரிப்பும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது. இரைச்சலைத் தாண்டித் தெளிவாகச் சேர அந்த அரை நொடியை நூறு முறை வரை அனுப்ப வேண்டும். வரதராஜனுக்குச் சொன்னேன்.

"பைத்தியமா உங்களுக்கு? ஒரு எழுத்துக்காகவா?"

எழுத்தாம். போய்யா. அனுப்பத் தொடங்கிவிட்டேன்.

பதிவு 616. நாள் 5, 14:40
தலை இடிக்கிறது. எண்பத்தாறு முறை ஆனபோது பதில் வந்தது.

"மேடம், முந்தி வந்தது வேற யாரோ. இதுதான் அவ. புள்ள காதுல போட்டாச்சு. நானும் சொல்லிப் பாக்கேன். பாதிதான் வருது. வந்துரும்."

அழுதேன். அழுததில் கொஞ்சம் காற்று வீண்.

பதிவு 617. நேரம் பார்க்க முடியவில்லை
கப்பல் வர இரண்டு நாள். காற்று ஒரு நாளுக்கு. சேமிப்பகத்தை அணைத்தால் தாங்குமாம். அணைக்க மாட்டேன்.

கண்டெடுப்பவருக்கு: முதலில் சேமிப்பகத்தைத் தூக்குங்கள், பிறகு என்னை. ஒரு குரலையும் சுத்தம் செய்யாதீர்கள். எனக்கு மௌன அஞ்சலி என்று எவனாவது எழுந்து நின்றால் பேயாய் வந்து அறைவேன். மௌனமாக இருந்தது போதும். வாயைத் திறந்து, சத்தமாக, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்